ஐஸ் வந்தாச்சா?

அப்பா எங்கே கிளம்பினாலும் அவருக்கு முன்னால் ஐஸ் கிளம்பிவிடும். பெட்டி, படுக்கை, கூஜா, புளியோதரைப் பொட்டலம் எல்லாம் திண்ணையில் வரிசையாக வந்து உட்கார்ந்த பிறகும், "ஐஸ் வந்தாச்சா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். வரவில்லை என்றால் பயணம் இல்லை. ராகுகாலம், எமகண்டம் பார்க்காத வீடு எங்களுடையது. ஐஸ்காலம் மட்டும் தவறாமல் பார்த்தோம்.

ஊர் கோவில்பட்டி. காலம் எழுபதுகளின் பிற்பகுதி. அப்பா உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார். காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். கோவில்பட்டிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை இரண்டு: தீப்பெட்டி, கடலைமிட்டாய். முதலாவது அப்பாவின் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தது. இரண்டாவதை அவர் தொடக் கூடாது. ஆனாலும் அவர் சட்டைப் பையில் எப்போதும் கடலைமிட்டாய் இருக்கும். திடீரென்று சர்க்கரை இறங்கிவிட்டால் வாயில் போட்டுக்கொள்ள என்று டாக்டரே சம்மதித்த ஏற்பாடு. சர்க்கரை இறங்காத நாளிலும் பொட்டலம் இளைப்பதை அம்மா கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். "பாடம் நடத்துகையில கொஞ்சம் கிறுகிறுன்னு வந்துச்சு" என்பார் அப்பா. கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அப்பா இருந்திருந்தால் அன்றைக்கும் கிறுகிறுவென்று வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்சுலின் 1921இல் கனடாவின் டொரான்டோ நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதன்முதலாகப் போட்டார்கள். அடுத்த ஆண்டே பான்டிங், மக்ளவுட் இருவருக்கும் நோபல் பரிசு. ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைத்தாலே எதையும் குளிரவைக்கலாம் என்ற ஊரில் பிறந்த மருந்து, கரிசல் காட்டில் வாழ்க்கைப்பட்டால் என்ன ஆகும்? பனிநாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து சித்திரை மாதத்தில் மொட்டை மாடியில் வற்றல் காயவைக்கச் சொன்ன கதைதான். திறக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று டப்பாவில் அச்சடித்திருப்பார்கள். எங்கள் தெருவில் 8 டிகிரி என்பது எதிர்வீட்டில் மட்டும்தான் இருந்தது.

எதிர்வீட்டு ஆச்சியிடம் ஃப்ரிட்ஜ் இருந்தது. வெள்ளை நிறம், வட்ட முனை, கதவில் பூட்டு. அந்தக் காலத்து ஃப்ரிட்ஜுகளுக்குப் பூட்டுச் சாவி உண்டு என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அதன் சாவி ஆச்சியின் இடுப்பில், பீரோச் சாவிக்குப் பக்கத்தில் தொங்கும். அப்பாவின் இன்சுலின் குப்பி அந்த ஃப்ரிட்ஜில் தயிருக்கும் மல்லிகைப்பூவுக்கும் நடுவில் குடியிருந்தது. விடிந்ததும் நான் போய் வாசலில் நிற்க வேண்டும். "ஆச்சி, மருந்து." ஆச்சி குளித்து, திருநீறு பூசி, விளக்கேற்றி, அதன் பிறகுதான் ஃப்ரிட்ஜைத் திறப்பாள். அதுவரை அப்பாவின் இட்லியும் பசியும் காத்திருக்கும்.

ஆச்சி கறாரான சைவம். மருமகள் சத்துக்காக என்று ஒரே ஒரு முட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள் என்று ஃப்ரிட்ஜையே கழுவிக் கவிழ்த்தவள். அந்த ஃப்ரிட்ஜுக்குள்தான், அன்றைக்கு இந்தியாவில் பரவலாகப் புழங்கிய மாட்டுக் கணையத்து இன்சுலின் மாதக்கணக்கில் கொலுவிருந்தது. லேபிளில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஆச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். அப்பா வாயைத் திறக்கவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்தை எடுத்து என் கையில் கொடுக்கும்போது ஆச்சி ஒவ்வொரு நாளும் "முருகா" என்பாள்.

ஆச்சி குடும்பத்தோடு திருச்செந்தூர் போய்விட்டால் சாவியும் கூடவே போய்விடும். ஒருமுறை அப்படி ஆன பிறகு அப்பா தன்மானத்தோடு ஒரு மாற்று ஏற்பாடு செய்தார். மண்தொட்டியில் ஆற்று மணல், மணலில் தண்ணீர், மணலுக்கு நடுவே புதுக் கலயம், கலயத்துக்குள் ஹார்லிக்ஸ் பாட்டில், அதற்குள் குப்பி. மேலே ஈரத்துணி. ஜன்னலோரம் காற்று படுகிற இடத்தில் வைத்துவிடுவார். கலயத்தின் மேனியில் கசிகிற நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கரிசல் காட்டு வறண்ட காற்று எவ்வளவு நீர் கொடுத்தாலும் குடிக்கும். வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் கலயத்துக்குள் கை விட்டால் சில்லென்றிருக்கும். ஆனால் அப்பாவுக்கே அதில் முழு நம்பிக்கை கிடையாது. "பானையில வைக்கிறதெல்லாம் வைத்தியமா" என்று யாரோ சொன்னது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆச்சி ஊர் திரும்பியதும் குப்பியும் ஃப்ரிட்ஜுக்குத் திரும்பிவிடும்.

பயணம் என்று வந்துவிட்டால் ஃப்ரிட்ஜும் உதவாது, கலயமும் உதவாது. ஈகிள் ஃபிளாஸ்க்தான். காபிக்கு ஒன்று, இன்சுலினுக்கு ஒன்று. இரண்டும் ஒரே நிறம். காபி ஃபிளாஸ்கின் பிடியில் அம்மா ஒரு மஞ்சள் நூல் கட்டியிருப்பாள். இன்னொன்றில் ஐஸை உடைத்துப் போட்டு, பிளாஸ்டிக் உறையில் ரப்பர் பேண்டு சுற்றிய குப்பியை உள்ளே இறக்கி, மேலே மறுபடியும் ஐஸ். கோவில்பட்டியில் ஐஸுக்கு எங்கே போவது? ராத்திரி மணியடித்துக்கொண்டு வரும் குல்ஃபிக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைப்போம். மற்றவர்கள் குல்ஃபி வாங்கிக்கொண்டு போக, வாத்தியார் வீட்டில் மட்டும் பானையின் அடியில் கிடக்கும் ஐஸை விலை கேட்போம். "அண்ணாச்சி, கொஞ்சம் கெட்டியா உள்ளதாப் போடுங்க" என்பாள் அம்மா. "இது சாதா ஐஸ் இல்லம்மா, உப்புப் போட்டது. அவ்வளவு சீக்கிரம் சூடு ஏறாது" என்று அவரும் பெருமையாக அள்ளிப் போடுவார்.

அப்பா ஒன்பதாம் வகுப்புக்கு உறைகலவை பாடம் நடத்துபவர். பனிக்கட்டியோடு உப்பைக் கலந்தால் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும் என்று கரும்பலகையில் படம் வரைந்து, சோதனைக் குழாயில் தண்ணீரை உறைய வைத்துக் காட்டி, பையன்களைக் கைதட்ட வைத்தவர். அதே உறைகலவைக்குள் தம்முடைய இன்சுலினைப் புதைத்து எடுத்துக்கொண்டு மெட்ராஸ் போவார். பாடம் பள்ளிக்கூடத்தில், பயணம் ரயிலில். இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

மெட்ராஸ் ரயில், மீட்டர்கேஜ், இரண்டாம் வகுப்பு. ஜன்னல் வழியே கரித்தூள், எதிரே முழங்கால் இடிக்கும் சக பயணிகள். தொட்டில் கட்டிய குழந்தைக்காக ஒரு அம்மாள் கேட்பாள்: "சார், ஃபிளாஸ்க்ல வெந்நி இருந்தா கொஞ்சம் தாங்க." அப்பா மஞ்சள் நூல் இல்லாத ஃபிளாஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டு, "இது ஐஸ்ம்மா" என்பார். பெட்டி முழுக்க ஒரு கணம் அடங்கும். ராத்திரி நேரம், ரயிலில், ஒரு ஆம்பிளை, ஃபிளாஸ்கில் ஐஸ். 1974இல் திரும்ப வந்த மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது, 1981இல்தான் தளர்ந்தது. ஐஸ் என்றால் அதற்கு மேல் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒரு தடவை மதுரைக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் ஏறினார். யாரோ சைகை காட்டியிருக்க வேண்டும். நேராக அப்பாவிடம் வந்தார்.

"ஃபிளாஸ்க்குல என்ன சார்?"

"ஐஸ்."

"எதுக்கு?"

"மருந்துக்கு."

"எல்லாரும் மருந்துன்னுதான் சொல்லுதாக. பையத் தெறங்க."

பையில் இருந்தது ஒரு எவர்சில்வர் டப்பா. ஊசி போட்டுக்கொள்ளும் கண்ணாடிச் சிரிஞ்சை வீட்டில் என்றால் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பார். ரயிலில் ஏது கொதிநீர்? டப்பாவிலேயே ஸ்பிரிட் ஊற்றி அதில் ஊறவைத்துக்கொண்டு வருவார். போலீஸ்காரர் டப்பாவைத் திறந்தார். கம்பார்ட்மென்ட் முழுக்கக் கும்மென்று ஸ்பிரிட் வாசனை. மதுவிலக்குக் காலத்தில் ஐஸும் ஸ்பிரிட்டும் ஒரே ஆளிடம் பிடிபட்டால் அதற்கு மேல் சாட்சி எதற்கு? மேல் பெர்த்தில் படுத்திருந்தவரே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அப்பா பதற்றப்படவில்லை. ராத்திரி டோஸுக்கு நேரமாகியிருந்தது. குப்பியை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார். குலுக்கக் கூடாது, பால் கலந்த மாதிரி இருக்கும் மருந்து உருட்டினால்தான் ஒன்றாகக் கலக்கும். சிரிஞ்சை எடுத்து உதறினார், உறிஞ்சினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காற்றுக்குமிழியைத் தட்டி வெளியேற்றினார். வேட்டியைத் தொடை வரை ஒதுக்கிக்கொண்டு, ஓடுகிற ரயிலின் ஆட்டம் ஓய்கிற ஒரு நொடிக்காகக் காத்திருந்து, சொருகினார். பலமுறை கொதித்த ஊசி, முனை மழுங்கியிருக்கும். ஐஸில் கிடந்த மருந்து உள்ளே போகும்போது கூடுதலாகக் கடுக்கும். அப்பாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. போலீஸ்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போதும் சார், மூடுங்க" என்றார். மதுரையில் இறங்கும்போது, "ஐஸ் வேணுமா சார்? ஸ்டேஷன்ல வாங்கித் தரவா?" என்று அவரே கேட்டார்.

இவ்வளவு பாதுகாத்துக்கொண்டு போன மருந்து மெட்ராஸில் என்ன செய்தது என்பதுதான் வேடிக்கை. அங்கே ஒரு கல்யாணம். அன்றைக்கு வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் மிஷின் கிடையாது, பெனடிக்ட் கரைசல்தான். சோதனைக் குழாயில் நீலக் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினால் நிறம் மாறும். நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை கரைபுரண்டு ஓடுகிறது என்று அர்த்தம். கல்யாண வீட்டுக் கொல்லைப்புறத்தில் அப்பா குழாயைக் காட்டிக்கொண்டு நிற்க, சமையல்காரர்கள் இவர் ஏதோ எசென்ஸ் தயாரிக்கிறார் என்று எட்டிப் பார்த்தார்கள். குழாயில் அசல் செங்கல் நிறம்.

"பாயசம் சாப்பிட்டீங்களா?" என்றாள் அம்மா.

"தொடவே இல்லை."

"ஜாங்கிரி?"

"இல்லைங்கிறேன்."

யாரும் நம்பவில்லை. சம்பந்தி வீட்டார், சித்தப்பா, பந்தி பரிமாறிய பையன் வரை விசாரிக்கப்பட்டார்கள். ஒருவர், இலையில் ஒரு ஸ்பூன் விழுந்ததைப் பார்த்ததாகவே சாட்சி சொன்னார். அந்தக் கல்யாணத்தின் பாயசம் இன்றளவும் எங்கள் உறவில் குற்றவாளியாகத்தான் இருக்கிறது. உப்பு ஐஸில் ஒருமுறை உறைந்து இளகிய இன்சுலின் வெறும் தண்ணீருக்குச் சமமாகிவிடலாம் என்று அன்றைக்கு எங்களிடம் யாரும் சொல்லவில்லை. வெயில் கெடுக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். குளிர் கெடுக்கும் என்று சொல்ல ஆளில்லை. அன்றைக்கு மருந்தைக் கொன்றது குல்ஃபிக்காரரின் தாராள மனசாகத்தான் இருக்கும் என்பது என் தீர்ப்பு. பாயசத்தை நான் விடுதலை செய்துவிட்டேன். உறவுக்காரர்கள் மேல்முறையீட்டில் இருக்கிறார்கள்.

இப்போது காட்சி மாறிவிட்டது. அப்பாவின் வியாதி முறைப்படி எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சொத்து பிரிப்பதில் அண்ணனுக்கு வயல், எனக்கு இது. தெருவில் ஒரே ஃப்ரிட்ஜ் என்ற நிலை போய், ஒரே வீட்டில் இரண்டு ஃப்ரிட்ஜ். கண்ணாடிச் சிரிஞ்சு காட்சிப்பொருள் ஆகிவிட்டது. மாட்டு இன்சுலின் போய், 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மனித இன்சுலின் வந்தது. பாக்டீரியாவும் ஈஸ்டும் அதைச் செய்துதருகின்றன. ஆச்சி இருந்தால் இப்போதுதான் தைரியமாக "முருகா" என்று சொல்லலாம். 1985இல் டென்மார்க்கிலிருந்து வந்த பேனா வடிவம் ஊசி போடுவதை ஒரு கையெழுத்துப் போடுகிற வேலையாக மாற்றிவிட்டது. முடியளவு ஊசி, குத்தினதே தெரியாது.

துணைக்கு ஆளும் குறைவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று மதிப்பிட்டது. ரயில் பெட்டியில் ஒருவர் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டால் இன்றைக்கு யாரும் எழுந்து உட்கார மாட்டார்கள். எதிர் சீட்டில் இருப்பவர் தன் பேனாவை எடுப்பார்.

ஆனால் கேள்வி கேட்பது நிற்கவில்லை, கேள்விதான் மாறியிருக்கிறது. சமீபத்தில் ஒரு பயணத்தில் நான் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தபோது பக்கத்து இருக்கைப் பெண் ஆவலோடு குனிந்தாள். "ஆன்டி, மௌஞ்சாரோவா? எவ்வளவு குறைஞ்சீங்க?" 2025இல் இந்தியாவுக்கு வந்த வாராந்திர ஊசி அது, சர்க்கரைக்கும் எடைக்கும் போடுகிறார்கள். இல்லைம்மா, சாதா இன்சுலின் என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். அந்த "ஓ"வில் இருந்த ஏமாற்றத்தை நான் மறக்க மாட்டேன். அப்பா ஊசி போட்டால் "ஐயோ பாவம்" என்றார்கள். அவர் மகள் ஊசி போட்டால் "எந்தக் கடையில கிடைச்சுது?" என்கிறார்கள். வியாதிக்காகப் போடுகிறேன் என்று சொன்னால்தான் மரியாதை குறைகிறது.

இன்றைய பயண ஏற்பாட்டைப் பார்த்தால் அப்பா கண்ணீர் விடுவார். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த ஜிப் வைத்த குளிர்ப்பை. அதற்கு ஜெல் பேக், முதல் நாளே ஃப்ரீசரில். சார்ஜரில் சொருகுகிற குட்டி ஃப்ரிட்ஜ். அதற்கு பவர்பேங்க். அந்த பவர்பேங்குக்கு ஒரு சார்ஜர். இதையெல்லாம் தூக்கிக்கொண்டு ஏறுவது எங்கே? அதே மெட்ராஸ் ரயிலில், ஏசி பெட்டியில். ரயில்வே கொடுத்த கம்பளியை மூக்குவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு நான் நடுங்குகிறேன். காலடியில் இன்சுலின் இரண்டு அடுக்குக் குளிரில் இருக்கிறது. அன்றைக்கு நாங்கள் வேர்த்தோம், மருந்து குளிர்ந்தது. இன்றைக்கு இருவரும் சேர்ந்தே குளிர்கிறோம். திறந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும் பேனாவை 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில் சுமார் நான்கு வாரம் ஃப்ரிட்ஜே இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று பெரும்பாலான இன்சுலின்களின் தாளில் போட்டிருக்கிறது. ரகத்துக்கு ரகம் நாள் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். ஏசி பெட்டியில் பயணம் செய்கிற பேனாவுக்கு என் கைப்பையே போதும். பத்து மணி நேரம் நான் சுமந்துவருவது மருந்துக்கான குளிர் இல்லை, பிள்ளைகளின் அன்பு. அதை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

இந்தச் சாமான்களில் உருப்படியாக ஒன்று உண்டு. துணிப்பை ஒன்று, உள்ளே ஏதோ மணிகள். பத்து நிமிஷம் தண்ணீரில் முக்கி எடுத்தால் மணிகள் ஊதி ஜெல்லாகும். மின்சாரம் வேண்டாம், ஐஸ் வேண்டாம். நீர் மெல்ல ஆவியாகி உள்ளே இருப்பதைக் குளிரவைக்கும். வெளிநாட்டுச் சரக்கு, வெளிநாட்டு விலை. பெட்டியைப் பிரித்துச் செயல்முறையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பாவின் கலயம் ஜிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது! வறண்ட கோவில்பட்டியில் இந்தப் பை நன்றாக வேலை செய்கிறது. சென்னையில், காற்றே ஈரத்துணியாக இருக்கிற நாட்களில், நீர் ஆவியாக இடமில்லாமல் பை சும்மா நனைந்து கிடக்கிறது. மண்தொட்டிக்கும் இதே குறை உண்டு. ஆனால் மண்தொட்டியை யாரும் பரிசுப்பொருள் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கவில்லை.

தங்கும் விடுதிகள் தனி அத்தியாயம். அறையில் ஃப்ரிட்ஜ் உண்டு என்று போட்டிருப்பார்கள், இருக்கும். கதவோரத்துச் சாவி அட்டையை உருவிக்கொண்டு நீங்கள் கோயிலுக்குக் கிளம்பினால் பல இடங்களில் அதுவும் கண்ணை மூடிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜ் என்றால் வேறு விதம்: பின்சுவரை ஒட்டி வைத்த தண்ணீர் பாட்டில் காலையில் கட்டியாகியிருக்கும். ஒரு ஊரில், வரவேற்பில் இருந்த தம்பியிடம் புதுப் பேனாக்களைக் கொடுத்து, "ஃப்ரிட்ஜில் வையுங்க" என்றேன். மறுநாள் புறப்படும்போது கொண்டுவந்து கொடுத்தான். பேனாக்கள் கல்லாக இருந்தன. முகம் முழுக்கச் சிரிப்போடு சொன்னான்: "மேடம், சாதா ஃப்ரிட்ஜ்ல சரியா கூலிங் வராது. அதான் கிச்சன்ல ஐஸ்கிரீம் ஃப்ரீசர்ல வச்சேன்." எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அசல் குல்ஃபிக்காரர் குரல் அது. நன்றி சொல்லிவிட்டு, வெளியே வந்து, அவன் கண்ணில் படாத இடத்தில் அத்தனையையும் தூக்கிப் போட்டேன்.

விமானம் என்றால் கைப்பையில்தான் இன்சுலின் வர வேண்டும். கீழே சரக்கறையில் போட்ட பெட்டிக்குள் மருந்து உறைந்துபோகவும் வாய்ப்பு உண்டு, பெட்டியே வேறு ஊருக்குப் போய்ச்சேரவும் வாய்ப்பு உண்டு. பாதுகாப்புச் சோதனையில் டாக்டர் சீட்டைக் காட்டினால் மருந்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஜெல் பேக்கைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள், முகர்கிறார்கள், மேலதிகாரியைக் கூப்பிடுகிறார்கள். ஐஸ்தான் அன்றைக்கும் சந்தேகத்துக்குரியது, இன்றைக்கும் சந்தேகத்துக்குரியது. மதுவிலக்கு மட்டும்தான் நடுவில் போய்விட்டது.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகன் ஒருமுறை பாசத்தோடு இன்சுலின் குப்பிகள் கொண்டுவந்தான். அங்கே மில்லிலிட்டருக்கு 100 யூனிட். இங்கே குப்பியில் வருவது பெரும்பாலும் 40 யூனிட், பேனாவில்தான் 100. நாற்பதுக்கான சிவப்பு மூடிச் சிரிஞ்சில் நூறை ஏற்றினால் உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. நூறுக்குரிய சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. வெளியூரில் மருந்து தீர்ந்து அவசரத்துக்குக் கடையில் வாங்குகிறவர்கள் குளிரை விசாரிப்பதற்கு முன்னால் இந்த மூடியின் நிறத்தை விசாரிக்க வேண்டும். அதை யாரும் விசாரிப்பதில்லை. "ஃப்ரிட்ஜ்ல வச்சதுதானே?" என்று மட்டும் கேட்கிறோம். ஃப்ரிட்ஜில் வைத்ததுதான். வீட்டுக்கு வரவழைத்தால், அது சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் ஊர் சுற்றி, நாம் குளித்துவிட்டு வரும்வரை வாட்ச்மேன் நாற்காலிக்கு அடியில் காத்திருந்ததும் உண்டு.

இந்த இரண்டு காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது, "அந்தக் காலம் போல வருமா" என்று பெருமூச்சு விட எனக்கு மனசு வரவில்லை. மழுங்கிய ஊசியும் செங்கல் நிறக் குழாயும் திரும்பி வர வேண்டாம். பேனா நல்லது, மிஷின் நல்லது, பூட்டில்லாத ஃப்ரிட்ஜ் மிக நல்லது. ஆனால் அன்றும் இன்றும் நாம் செய்கிற காரியம் ஒன்றுதான்: சூட்டுக்குப் பயந்து மருந்தைக் குளிரில் கொல்கிறோம். அன்றைக்குக் குல்ஃபிப் பானை, இன்றைக்கு ஐஸ்கிரீம் ஃப்ரீசர். கருவி வளர்ந்த அளவுக்குப் பயமும் கூடவே வளர்ந்துவிட்டது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் மட்டும் அன்றுபோல் இன்றும் பிரிக்கப்படாமலே குப்பைக்குப் போகிறது.

ஆகவே, ஊசி மருந்தோடு ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தாளை ஒருமுறை படியுங்கள். ஐஸுக்கும் மருந்துக்கும் நடுவில் கெட்டியாக ஒரு துண்டைச் சுற்றுங்கள். காரின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள். தேவைக்கு மேல் ஒன்று எடுத்துக்கொண்டு, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். உறைந்து இளகிய இன்சுலின் பார்வைக்குப் பழுதில்லாமல் இருந்தாலும், விலையை நினைத்துத் தயங்காமல் தூக்கி எறியுங்கள். சர்க்கரை ஏறிப்போனால் முதலில் மருந்தைச் சந்தேகப்படுங்கள். பாயசத்தைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.